ஏரியில் சுறா வாழுமா? சுறாப்புட்டுச் சட்டியில் இருக்கிறது பதில்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும், வேலூர்ப் பக்கம் யாராவது ஒருவர் ஃபோனில் ஒரு மீன் படம் வந்து சேர்ந்துவிடும். இந்த முறை சத்துவாச்சாரியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் காட்டினார்கள். மதகோரம் முழங்கால் தண்ணீரில் ஒரு பையன், கிட்டத்தட்ட அவன் உயரத்துக்கு ஒரு மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே "ஏரியில் சிக்கிய சுறா" என்று எழுதியிருந்தது. எந்த ஏரி, என்றைக்கு எடுத்த படம், ஒரு விவரமும் இல்லை.

"இன்னா சார், பசங்களுக்கு சயின்ஸ் சொல்லிக் குடுக்கிறீங்க. ஏரில சுறா இருக்குமா, இருக்காதா? ஒரே பதிலா சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "கடல் மீனு ஏரித் தண்ணில எப்படிப்பா பொழைக்கும்? வுட்ட உடனே செத்துடும்" என்றார் ஒருவர். இன்னொருவர் விடவில்லை: "அமெரிக்காவுல ஆத்துலயே வந்துகிது, நான் வீடியோ பாத்தேன். அத்த வுடு, நம்ம போர் தண்ணியும் உப்புதான? அப்புறம் இன்னா?"

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை தீருவதே இல்லை. உலகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுறா வகைகள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஏரியில் விட்டால் செத்துப்போகும். விரல் விட்டு எண்ணக்கூடிய சில வகைகள் மட்டும் பிழைக்கும். ஏன் இவை சாகின்றன, ஏன் அவை பிழைக்கின்றன என்பதற்கான விடை நம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தப் படத்தை முடித்துவிடுவோம்.

முதலில் பெயர்க் குழப்பம்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாயோரத்திலிருந்து இரண்டு நீளமான மீசை தொங்குகிறது. கன்னத்தில் ஒரே ஒரு செவுள் மூடி. அது வாளை. நம் ஏரிகளிலும் ஆற்று மடுக்களிலும் கிடைக்கிற, கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தமான நன்னீர் மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், வாயைப் பிளந்தால் பல் வரிசை தெரியும், அகப்பட்ட மீனையெல்லாம் விழுங்கும். அந்தக் குணத்துக்காகவே ஆங்கிலத்தில் அதற்கு 'நன்னீர்ச் சுறா' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதைத் தமிழில் மாற்றுகிறவர் 'நன்னீர்' என்ற சொல்லை விட்டுவிட்டால் செய்தி தயார். (மார்க்கெட்டில் வெள்ளி நாடா மாதிரி தொங்குகிற கடல் வாளை வேறு ஜாதி. அது இந்தக் கதையில் வராது.)

வண்ண மீன் கடைகளிலும் இதே கூத்துதான். 'சில்வர் ஷார்க்', 'ரெட் டெயில் ஷார்க்' என்று கண்ணாடித் தொட்டியில் நீந்துபவை கெண்டை குடும்பத்து மீன்கள். முதுகுத் துடுப்பு முக்கோணமாக நிற்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். ஓட்டல்களில் 'பாசா' என்று முள்ளில்லாமல் வரும் வெள்ளைத் துண்டு பங்காசியஸ் என்ற கெளுத்தி வகை. அதற்கும் மீன் வியாபாரத்தில் ஒரு 'ஷார்க்' பெயர் உண்டு.

உண்மையான சுறாவை அடையாளம் காண்பது சிரமமில்லை. தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மூடியில்லாத வெட்டுகள் வரிசையாகத் தெரியும், பெரும்பாலும் ஐந்து. வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கையால் தடவினால் தோல் உப்புத்தாள் மாதிரி உராயும். உள்ளே முள்ளோ எலும்போ இருக்காது. நம் காது மடலில் வளைந்து கொடுக்கிறதே, அந்தக் குருத்தெலும்புதான் அதன் எலும்புக்கூடு முழுக்க.

ஆக, படத்தில் இருப்பது சுறா இல்லை. ஆனால் கடைக்காரர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆட்டுத் தோலை உரித்ததும் பச்சைத் தோலில் உப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்து அடுக்கி வைப்பார்கள். மறுநாள் வந்து பார்த்தால் அடுக்குக்குக் கீழே தண்ணீர் ஓடிக் கிடக்கும். யாரும் தோலைப் பிழியவில்லை. வெளியே இருந்த உப்பு, தோலுக்குள் இருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. கருவாடு போடுவதும், மாங்காய்க்கு உப்பு பிசிறி வைத்தால் சாடியில் தண்ணீர் விட்டுக்கொள்வதும் இதே கதைதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். உலர்திராட்சையைக் குடிதண்ணீரில் ராத்திரி போட்டு வைத்தால் காலையில் உப்பி உருண்டையாக இருக்கும். திராட்சைக்குள் சர்க்கரை செறிவாக இருக்கிறது, வெளியே வெறும் தண்ணீர். அதனால் தண்ணீர் உள்ளே போகிறது.

இரண்டிலும் விதி ஒன்றே. தண்ணீரை விட்டுவிட்டு, கரைந்த பொருளை எளிதில் விடாத ஒரு மெல்லிய தோல் நடுவே இருந்தால், கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். பள்ளிப் புத்தகத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். அந்தக் கரைந்த பொருள் உப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சர்க்கரையும் செய்யும், யூரியாவும் செய்யும். பயிருக்கு யூரியாவை அளவு தெரியாமல் வேர் ஓரத்தில் கொட்டினால் இரண்டு நாளில் பயிர் கருகிவிடும் என்று எந்த விவசாயியும் சொல்வார். வெயில் எரித்ததுபோல் தெரிகிற அந்தக் கருகலில் பெரும்பங்கு தாகத்தால் வருவது. வேரில் இருந்த நீரை வெளியே இருந்த யூரியா இழுத்துக்கொள்கிறது. இந்த யூரியாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவான்.

மீனின் செவுள் அப்படி ஒரு மெல்லிய தோல். மூச்சு விடுவதற்காக ரத்தத்தையும் தண்ணீரையும் மயிரிழை இடைவெளியில் வைத்திருக்கும் உறுப்பு அது. அங்கே சவ்வூடு பரவலைத் தடுக்கவே முடியாது.

கணக்குக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்வோம். கடல் நீரின் செறிவு 100. சங்கரா, வஞ்சரம் போன்ற முள் மீன்களின் ரத்தம் 30 முதல் 40 வரை. நம் ரத்தமும் 30க்குப் பக்கம்தான். ஏரித் தண்ணீர் 1 கூட வராது.

அப்படியென்றால் கடலில் இருக்கும் வஞ்சரம், உப்புப் போட்ட தோல் மாதிரி. உள்ளே 30, வெளியே 100, உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர், ஆனால் தீராத தாகம். அதனால் அது கடல் நீரையே குடித்து, கூட வந்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஏரியில் இருக்கும் விரால், ஊற வைத்த திராட்சை மாதிரி. கேட்காமலேயே தண்ணீர் உள்ளே வருகிறது. ஆகவே தண்ணீரைக் குடிப்பதே கிடையாது என்று சொல்லிவிடலாம். நாள் முழுக்க நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

நம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு?

இப்போது பெஞ்சில் இருந்த இரண்டாமவருக்குப் பதில். பாலாற்றுப் படுகையில், அதிலும் தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதிகளில், நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிறது என்பது பழைய வேதனை. கேன் தண்ணீர் வாங்காத வீடு அபூர்வம். கேன் போடுகிற பையன்கூட ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு 'டி.டி.எஸ்.' பார்த்துச் சொல்கிறான். டி.டி.எஸ். என்றால் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த எடை, மில்லிகிராமில். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி.

கடலில் அதே மீட்டரை விட்டால்? ஏறக்குறைய 35,000.

நாம் குடிக்க முடியாமல் துப்புகிற 2000 தண்ணீரும் நம் அளவுகோலில் 6 அளவுக்குத்தான் வரும். நாக்குக்கு அது உப்புத் தண்ணீர். சுறாவைப் பொறுத்தவரை அதுவும் நன்னீர்தான். 'உப்பு', 'நல்லது' என்று நாம் இரண்டே பெட்டியில் தண்ணீரைப் பிரிக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கிருந்து வருகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவே: செறிவு அதிகமான பக்கம் தண்ணீர் போகும். கடல் மீன் தண்ணீரை இழக்கிறது, ஏரி மீன் தண்ணீரை வாங்குகிறது. இரண்டும் எதிரெதிர் வேலை, இரண்டுக்கும் உடம்பு வேறு மாதிரிப் பழகியிருக்க வேண்டும். சுறா இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வழியை எடுத்தது.

சட்டியில் அடிக்கும் வாடை

எங்கள் வீட்டில் யாருக்காவது பிரசவம் என்றால் அம்மா பால் சுறா வாங்கிவரச் சொல்வாள். காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். மீன்காரம்மா நல்ல சுறா எது, பழசு எது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள். "இத்த மோந்து பாரு தம்பி, மூத்திர நாத்தம் அடிக்குது பாரு. இது வேணாம், அத்த எடு." அம்மாவும் சுறாவை முதலில் மஞ்சள் போட்டு வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோலை உரித்து, சதையை உதிர்த்த பிறகுதான் பூண்டும் வெங்காயமும் தாளிப்பாள். வஞ்சரத்துக்கு இந்த வேலை கிடையாது. சுறாவுக்கும் திருக்கைக்கும் மட்டும் ஏன்?

மீன்காரம்மா சொன்ன சொல் நூற்றுக்கு நூறு சரி. சுறாவின் உடம்பு முழுக்க யூரியா. நாம் சிறுநீரில் வெளியேற்றுகிற அதே யூரியா, வயலுக்கு மூட்டையில் வருகிற அதே பொருள். சுறா செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. அந்த அம்மோனியாதான் மூக்கில் ஏறுகிறது.

எவ்வளவு யூரியா? வேலூர்க்காரர்களுக்கு இந்த எண்ணைச் சொல்வது சுலபம். இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் நடந்த ஊர் இது. லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "யூரியா எவ்ளோ, கிரியாட்டினின் எவ்ளோ" என்று பஸ்ஸில் பேசிக்கொள்வதைத் தினமும் கேட்கலாம். நம் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 15 முதல் 40 மில்லிகிராம் வரை யூரியா இருந்தால் சரி. இருநூறு வந்துவிட்டால் டயாலிசிஸ் பேச்சு தொடங்கிவிடும். கடலில் நீந்தும் ஆரோக்கியமான சுறாவின் ரத்தத்தில் ஏறக்குறைய 2000.

வேண்டாத கழிவைச் சுறா வெளியே தள்ள முடியாமல் வைத்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். அதன் சிறுநீரகமும் செவுளும் யூரியா வெளியே போய்விடாமல் மெனக்கெட்டுப் பிடித்து வைக்கின்றன. காரணம், நம் அளவுகோல். சுறாவின் ரத்தத்தில் உப்பு மட்டும் இருந்தால் செறிவு 100ஐ எட்டாது. யூரியாவும், அது போன்ற இன்னொரு பொருளும் சேர்ந்து மிச்சத்தை நிரப்பி, கடல் நீரை விடக் கொஞ்சம் அதிகமாகவே செறிவைக் கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே 100க்குச் சற்று மேல், வெளியே 100. இப்போது தண்ணீர் வெளியே ஓடாது. மெல்ல உள்ளே கசியும், அவ்வளவே. வஞ்சரத்துக்கு இருக்கும் தாகம் சுறாவுக்குக் கிடையாது.

யூரியா இவ்வளவு சேர்ந்தால் புரதங்கள் கெடும். அந்த இன்னொரு பொருள்தான் புரதங்களைக் காப்பாற்றுகிறது. அதன் வேதியியல் நமக்கு இங்கே தேவையில்லை.

இதோடு ஒரு சின்ன உறுப்பும் உண்டு. குடலின் கடைசிப் பகுதியில் விரல் போல ஒரு சுரப்பி. செறிந்த உப்பு நீரைச் சுரந்து வெளியேற்றுவதே அதன் வேலை. மலக்குடல் சுரப்பி என்று பெயர். ரத்தத்தில் சேரும் உப்பை அது கழிக்கிறது என்று 1960இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை அது எதற்கு இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

ஏரியில் தூக்கிப் போட்டால்

இந்த ஏற்பாடு கடலுக்காகவே செய்தது. அந்தச் சுறாவை அப்படியே கொண்டுபோய்க் காவேரிப்பாக்கம் ஏரியில் விடுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே 100, வெளியே ஒன்றுமில்லை. விராலுக்கு உள்ளே 30 இருக்கும்போதே தண்ணீர் விடாமல் வருகிறது என்றால், சுறாவுக்கு மூன்று மடங்கு வேகத்தில் வரும். செவுள் வழியாக வெள்ளம். ரத்தம் நீர்த்துப்போகிறது, உப்பும் யூரியாவும் வெளியே கசிகின்றன, உயிரணுக்கள் உலர்திராட்சை போல வீங்குகின்றன. சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் ஈடுகொடுக்க முடியாது. நரம்பும் தசையும் இயங்க ரத்தத்தில் உப்பு ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆக வேண்டும். அது தவறியதும் நீச்சல் தடுமாறும், பிறகு இதயம்.

ஆக, "வுட்டா செத்துடும்" என்று முதல் ஆள் சொன்னது பெரும்பாலான சுறாக்களுக்குச் சரி. என்ன, விட்ட உடனே சாகாது. மூழ்காமலே உள்ளுக்குள் வெள்ளம் புகுந்து சாகும்.

காளைச் சுறா மட்டும் எப்படி?

தடித்த உடம்பும் மொண்ணை மூக்கும் உள்ள ஒரு சுறா உண்டு. காளைச் சுறா. பெரிதானால் மூன்று மீட்டரைத் தாண்டும். உலகத்தின் வெதுவெதுப்பான கடலோரம் எல்லாம் இருக்கிறது, இந்தியக் கடலோரமும் அதில் சேர்த்தி. டீக்கடை வீடியோவில் வந்தது இதுவாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், கடலிலிருந்து ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் ஆல்ட்டன் என்ற ஊரில் 1937இல் ஒன்று பிடிபட்டது. அமேசான் ஆற்றில் பெரு நாட்டின் இக்கிட்டோஸ் வரை, அதாவது 3,500 கிலோமீட்டருக்கு மேல், போயிருக்கிறது.

இதற்கென்று தனியாகப் புது உறுப்பு எதுவும் இல்லை. எல்லாச் சுறாவுக்கும் இருக்கும் அதே கருவிகள்தான், ஆனால் அவற்றைக் கூட்டிக் குறைக்கத் தெரியும். ஆற்றுக்குள் நுழைய நுழைய ரத்தத்தின் யூரியாவைப் பாதிக்கும் கீழே இறக்குகிறது. உப்பையும் கொஞ்சம் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்றில் பிடித்த காளைச் சுறாக்களின் ரத்தத்தை அளந்து பார்த்தபோது நம் அளவுகோலில் 60 சொச்சம் இருந்தது. கடலில் அதே இனத்துக்கு 100க்கு மேல். அடுத்து, உப்பை வெளியேற்றும் மலக்குடல் சுரப்பியைக் கிட்டத்தட்ட மூடிவைக்கிறது. இருக்கிற உப்பே பொன் என்ற நிலையில் அதை யார் வெளியே கொட்டுவார்கள்? செவுள், தண்ணீரில் இருக்கும் சொற்ப உப்பையும் பொறுக்கி உள்ளே எடுக்கிறது. சிறுநீரகம் உப்பையும் யூரியாவையும் வடித்து நிறுத்திக்கொண்டு, தண்ணீரை மட்டும் பல மடங்கு அதிகமாக வெளியேற்றுகிறது.

கவனித்தீர்களா, 60க்குத்தான் இறங்குகிறது. விராலின் 30க்கு வரவில்லை. அதாவது ஆற்றுக்குள் காளைச் சுறா எந்த ஏரி மீனையும் விட அதிகச் சிரமத்தோடு, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவன்போல, ஓயாமல் இறைத்துக்கொண்டே வாழ்கிறது. அதற்கு எரிபொருள் வேண்டும், நிறையத் தின்ன வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. சுறாவுக்கு மற்ற மீன்களைப் போலக் காற்றுப் பை கிடையாது. ஈரலில் இருக்கும் எண்ணெய்தான் அதை மிதக்க உதவுகிறது. ஒரு லிட்டர் கடல் நீர் 1025 கிராம், நன்னீர் 1000 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தால் நன்னீரில் சுறா இன்னும் அதிகமாக அமிழும். நீந்தி நீந்தித்தான் மேலே நிற்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வர வேண்டும்? குட்டிகளுக்காக. காளைச் சுறா, ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் குட்டி போடுகிறது. முட்டையிடாது, உயிருள்ள குட்டியாகவே ஈனும். குட்டிகள் ஆற்றுக்குள் ஏறி முதல் சில ஆண்டுகளை அங்கேயே கழிக்கின்றன. கடலில் குட்டிச் சுறாவை விரும்பித் தின்பது பெரிய சுறாதான். அந்தப் பெரிய சுறாக்களில் பெரும்பாலானவற்றால் ஆற்றுக்குள் வர முடியாது. எதிரி நுழைய முடியாத தொட்டில், கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்ற கணக்கு.

சுருக்கமாக, நன்னீரில் எல்லாச் சுறாவுக்கும் உள்ளே வெள்ளம் புகும். காளைச் சுறா யூரியாவைக் குறைத்து, உப்பைக் கட்டிப்பிடித்து, தண்ணீரை இறைத்துப் பிழைக்கிறது. இது அதற்கு முடியும், ஆனால் சும்மா வருவதில்லை.

ஏரியிலேயே இருந்த சுறாக்கள்

'ஆறு சரி, ஏரி?' என்று கேட்டால் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும்.

மத்திய அமெரிக்காவில் நிகராகுவா ஏரி, எட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள நன்னீர்க் கடல். அதில் சுறாக்கள் இருந்தது ஊருக்கே தெரியும். ஒரு காலத்தில் அது கடலோடு இணைந்திருந்த விரிகுடா, பிறகு நிலம் எழும்பி அடைபட்டுச் சுறாக்கள் உள்ளே மாட்டிக்கொண்டன, மெல்ல ஏரிச் சுறாவாக மாறிவிட்டன என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1877இல் தனி இனம் என்றே பெயரும் வைத்தார்கள். கேட்க அழகான கதை. 1960களில் தாமஸ் தோர்சன் என்ற ஆய்வாளர் சுறாக்களுக்கு அடையாள வில்லை மாட்டி விட்டுப் பார்த்தார். ஏரியில் வில்லை மாட்டியவை கடலோரத்திலும், கடலோரத்தில் மாட்டியவை ஏரியிலும் பிடிபட்டன. எல்லாம் காளைச் சுறாதான். ஏரிக்கும் கரீபியன் கடலுக்கும் நடுவே இருக்கும் சான் ஹுவான் ஆற்றில், பாறையும் நீர்ச்சுழலும் தாண்டி, 190 கிலோமீட்டர் அளவுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. குட்டி போடுவது கடலோரக் கழிமுகத்தில். ஏரி அவற்றுக்கு மேய்ச்சல் நிலம். பிறகு கண்மண் தெரியாமல் பிடித்ததில் 1970களுக்குப் பின் அங்கே சுறா அபூர்வமாகிவிட்டது.

இன்னொரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கார்புரூக் என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்துக்குள் ஒரு குளம். 1990களில் லோகன் ஆறு வெள்ளத்தில் கரை மீறியபோது 6 இளம் காளைச் சுறாக்கள் அந்தக் குளத்துக்குள் வந்துவிட்டன. தண்ணீர் வடிந்தது, வழி அடைபட்டது. திரும்பிப் போக இன்னொரு பெருவெள்ளம் வர வேண்டும். 1996 முதல் 2013 வரை, பதினேழு ஆண்டுகள், அந்தக் குளத்தில் சுறா இருந்தது. பந்து குளத்தில் விழுந்தால் இறங்கி எடுக்க யாருக்குத் தைரியம் வரும்!

லாட்ஜ் வாசலில் கேட்ட 'காமட்'

இந்தியாவுக்கு வருவோம். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் போர்டுகள் வங்காளத்தில் இருக்கும், ஓட்டலில் மீன் குழம்பும் வங்காள ருசியில் கிடைக்கும். சிகிச்சைக்காக அவ்வளவு பேர் வருகிறார்கள். ஒருமுறை ஒரு லாட்ஜ் வாசலில், சுந்தரவனப் பகுதியிலிருந்து மனைவியின் சிகிச்சைக்கு வந்திருந்த ஒருவரோடு அரைகுறை இந்தியில் மீனைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆற்றில் சுறா உண்டா என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை. "காமட்" என்றார். இறால் குஞ்சு வடிக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்களின் காலைக் கடித்துவிடும் என்று முழங்காலுக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டினார். நமக்கு ஆற்றுச் சுறா என்பது அதிசயச் செய்தி, அவர்களுக்கு அது பழகிய பயம்.

கங்கையின் கீழ்ப்பகுதியிலும் சுந்தரவனத்திலும் இரண்டு சுறாக்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று காளைச் சுறா. இன்னொன்று கங்கைச் சுறா, 1839இல் பெயரிடப்பட்ட தனி இனம். சிறிய கண்கள், கலங்கல் தண்ணீருக்குப் பழகிய உடம்பு, ஆறும் கழிமுகமும்தான் அதன் வீடு. விஞ்ஞானிகள் கையில் கிடைத்த மாதிரிகளே மிகச் சில. மனிதரைக் கடித்த பழியெல்லாம் அதன் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் பெரும்பாலும் கடித்தது காளைச் சுறாவாக இருக்கும் என்பதுதான் இன்றைய கருத்து. பழி ஒருவனுக்கு, பாவம் ஒருவனுக்கு. கங்கைச் சுறா இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் புலியைப் போலவே அதையும் பிடிக்கக் கூடாது.

சரி, பாலாற்றில் ஏறி வருமா?

டீக்கடையில் இவ்வளவையும் சொல்லவில்லை. டீ ஆறிவிடும். பாதி சொன்னதும் கடைக்காரர் சரியான இடத்தைப் பிடித்தார்: "அப்போ அந்தக் காளைச் சுறா பாலாத்துல ஏறி நம்ம ஏரிக்கு வரலாமில்ல?"

உடம்பைப் பொறுத்தவரை, வரலாம். உப்பு அதற்குத் தடையில்லை, தூரமும் தடையில்லை. பாலாறு மொத்தமே 348 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டில் ஓடுவது 222. மிசிசிப்பியில் ஆயிரத்து எண்ணூறு ஏறியவனுக்கு வேலூர் ஒரு நடை.

ஆனால் ஏறி வர ஆறு வேண்டும். கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே பாலாறு கடலில் கலக்கிறது. கடல் நீர் உள்ளே வராமல் இருக்க அங்கேயே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் மணல். மேலே வந்தால் வாலாஜா அருகே வெள்ளைக்காரன் காலத்து அணைக்கட்டு குறுக்கே நிற்கிறது. 2021 நவம்பரில் போல இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற நாட்கள் வாழ்நாளில் எத்தனை பார்க்கிறோம்? அந்த நாட்களிலும் தண்ணீர் கடலை நோக்கிக் கொந்தளித்துப் போகிறது. வடிந்ததும் மறுபடி மணலும் முள்செடியும். காளைச் சுறாவின் குட்டிகளுக்கு வேண்டியது ஆண்டு முழுக்க ஆழமாகத் தண்ணீர் நிற்கும் கழிமுகமும், அதிலிருந்து விடாமல் மேலே போகும் ஆறும். அது பாலாற்றில் இல்லை.

"அப்போ சுறாவுக்கு உப்பு ப்ராப்ளம் இல்ல" என்றார் கடைக்காரர், கிளாஸைக் கழுவிக்கொண்டே. "ஆத்துல தண்ணி இல்லாததுதான் ப்ராப்ளம். அத்த நாங்க எப்பவோ சொல்லிகினுதான சார் இருக்கோம்."